ஆங்கிலக் கிராமத்துச் செல்வந்தர்கள் ஒருவரையொருவர் ஏன் நிகராக ஏற்கவில்லை?

திருநகர் ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை நடத்தி வருகிறோம். அவற்றில் பல, ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்தில் வசதியான இரண்டு மூன்று குடும்பங்களுக்குள்ளேயே நடந்து முடிகின்றன. இந்த வீட்டிலும் மாளிகை, வண்டி, குதிரை, ஏவலாள் எல்லாம் உண்டு. அந்த வீட்டிலும் உண்டு. ஆயினும் ஒரு வீட்டார் மற்ற வீட்டாரைத் தமக்கு நிகராக எண்ணுவதில்லை. விருந்துக்கு அழைக்கலாமா, பெண் கொடுக்கலாமா, தேவாலயத்தில் கண்டால் தலையசைக்கலாமா என்பதே பக்கம் பக்கமாக ஓடுகிறது.

வாடிப்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "இரண்டு பேரிடமும் பணம் இருக்கிறது, பிறகு என்னதான் சண்டை, மேடம்?" என்று கேட்டாள். நிலவுடைமையாளர்கள் வணிகத்தில் சம்பாதித்தவர்களைக் கீழாக நினைத்தார்கள் என்ற பாடநூல் விடையைச் சொன்னேன். வகுப்பு அதை ஏற்கவில்லை. நிலமும் பணம்தானே, கையில் காசு இருந்தால் யாரும் கிரயம் பேசி வாங்கிக்கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் எனக்கும் நியாயம் தெரிகிறது.

ஆகவே, "மனப்பான்மை", "பெருமை" போன்ற பொதுச் சொற்களைத் தவிர்த்து, பழைய குடும்பத்திடம் இருந்து புதிய குடும்பத்திடம் இல்லாதது என்ன என்பதை விளக்க முடிந்தவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை நம் ஊர்க் கோயில் மரியாதைச் சண்டைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது பொருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன். மாணவர்களுக்குச் சட்டென்று புரிவது அதுதான்.

ஏட்டுச்சுவடி:

அம்மா, உங்கள் மாணவர்களின் வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். காசு இருந்தால் நிலத்தை வாங்கிவிடலாம் என்பது அங்கே எளிதில் நடக்கவில்லை. பெரிய குடும்பங்கள் தங்கள் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப உடன்படிக்கைகளால் கட்டி வைத்திருந்தன. மூத்த மகன் அதை ஆண்டு அனுபவிக்கலாம், அதன் வருமானத்தில் வாழலாம், ஆனால் தன் விருப்பப்படி விற்க முடியாது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அப்படி அனுபவித்து வந்தவருக்கு விற்கும் அதிகாரம் தாராளமாகக் கிடைத்தது. 1870களில் அரசு எடுத்த நிலவுடைமைக் கணக்கை ஆராய்ந்தவர்கள், பிரிட்டன், அயர்லாந்து முழுவதிலும் உள்ள நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு 7,000க்கும் குறைவான ஆட்களிடம் இருந்ததைக் கண்டார்கள். சந்தைக்கு வருவதே அரிதாக இருந்த ஒரு பொருளுக்காக நடந்த போட்டி இது.

அடுத்து, நிலத்தோடு சேர்ந்து வந்த அதிகாரங்கள். ஊரில் நடக்கும் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டித்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க் கனவான்கள். அந்த நீதிபதிப் பதவிக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் நிலம் வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் விதித்தார்கள். சொத்துத் தகுதி முற்றிலும் நீங்கியது 1906இல்தான். நாடாளுமன்றத்துக்கும் இவ்வாறே. 1710ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்டத் தொகுதி உறுப்பினராக ஆண்டுக்கு 600 பவுண்டு தரும் நிலமும், நகரத் தொகுதி உறுப்பினராக 300 பவுண்டு தரும் நிலமும் தேவை. வங்கியில் எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் அது கணக்கில் சேராது.

உங்கள் மாணவர்களுக்கு மிகத் தெளிவாக விளங்கக்கூடியது வேட்டைச் சட்டம் என்று நினைக்கிறேன். 1671ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு தரும் சொந்த நிலமோ 150 பவுண்டு தரும் நீண்ட காலக் குத்தகை நிலமோ உள்ளவரே கௌதாரியையும் முயலையும் வேட்டையாடலாம். பெரிய பதவியில் உள்ளவர்களின் வாரிசுகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1831 வரை இந்தத் தகுதி நீடித்தது. வேட்டைக் கறியை விற்பதும் நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது. எனவே ஒரு வீட்டு விருந்து மேசையில் வறுத்த கௌதாரி வந்து உட்கார்ந்தால், அந்த வீட்டாருக்கு நிலம் இருக்கிறது, அல்லது நிலமுள்ள ஒருவர் தம் தோட்டத்திலிருந்து அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறார் என்று பொருள். லண்டனில் பெரிய வணிகராக இருந்து கிராமத்தில் வந்து குடியேறியவர், சமையற்காரரையும் வெள்ளித் தட்டுகளையும் காசு கொடுத்து அமர்த்தலாம். தட்டில் வைக்கும் அந்தப் பறவையை நேர்வழியில் வாங்க முடியாது. ஒரு பறவையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வையும் அடைத்து வைத்த சட்டம் அது.

தேவாலயத்திலும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. நிலவுடைமைக் குடும்பத்துக்கு உயரமான மரத் தடுப்புகள் சூழ்ந்த தனி இருக்கை. சில ஊர்களில் அதற்குள் கணப்பு அடுப்பு கூட உண்டு. குடும்பத் தலைவர் இறந்தால் அவருடைய குலச் சின்னம் தீட்டிய சாய்சதுரப் பலகை முதலில் வீட்டு முகப்பிலும் பிறகு தேவாலயச் சுவரிலும் மாட்டப்படும். பல ஊர்களில் பாதிரியாரை நியமிக்கும் உரிமையே அந்தக் குடும்பத்திடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் அமரும் புதுப் பணக்காரர், தம் எதிரே சுவரில் வரிசையாகத் தொங்கும் அந்தப் பலகைகளைப் பார்த்தபடிதான் ஜெபம் செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று. கிராமப்புற வழக்கப்படி, புதிதாகக் குடியேறியவரை அங்கே ஏற்கெனவே வாழ்பவர்தான் முதலில் வந்து பார்க்க வேண்டும். புதியவர் தாமாகப் போய்க் கதவைத் தட்டுவது முறையன்று. உங்கள் நாவல்களில் ஒருவர் வந்து பார்த்தாரா இல்லையா என்பதற்கு அத்தனை பக்கங்கள் செலவாவது இதனால்தான். விருந்துக் கூடத்துக்குள் நுழையும்போதும் யாருக்கு முன் யார் என்ற வரிசை உண்டு. பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் உள்ளவரின் மனைவி, வாழ்நாளோடு முடியும் சாதாரண நைட் பட்டம் பெற்றவரின் மனைவிக்கு முன்னால் நடப்பார். அந்தப் பாரோனெட் பட்டமே 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1,095 பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுக்கத் தொடங்கியதுதான் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்ற நினைவு மறையும் அளவுக்கு நாளானால், அது பரம்பரை.

தென்கரை வாசகர்:

ஏட்டுச்சுவடி ஐயா எழுதியது முழுவதும் சரி. இதில் நம் சீமைக்கு நேரடியாக ஒரு பங்கு இருப்பதை இங்கே பதிய வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கிராமங்களில் பழைய குடும்பங்கள் மிகவும் வெறுத்த புதுப் பணக்காரர்களில் ஒரு பகுதியினர், சென்னையில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள். அவர்களை "நபாப்" என்றே அழைத்தார்கள்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கும்பினிப் படைக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அதே கும்பினியின் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக அவர் காட்டியது தம் ஆட்சிக்கு உட்பட்ட சீமைகளின் நிலவரியை. 1764 அக்டோபரில், மதுரையை ஆண்டுவந்த யூசுப் கானை (மருதநாயகம்) இதே மதுரையில் தூக்கிலிட்ட பிறகு, மதுரைச் சீமையும் நவாபின் வரிக் கணக்கில் வந்தது. விவசாயி களத்தில் அளந்து கொடுத்த நெல்லின் ஒரு பகுதி, வட்டியாக உருமாறிக் கப்பலேறியது. சம்மட்டிபுரத்தில் யூசுப் கான் சமாதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரே ஒரு வீட்டைப் பார்த்தால் போதும். லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் என்ற மாளிகை உள்ளது. அதை 1770களில் கட்டியவர் சர் தாமஸ் ரம்போல்ட். 1778 முதல் 1780 வரை சென்னையின் ஆளுநர். பதவியில் சேர்த்த செல்வத்துக்காக நாடாளுமன்றத்தில் அவர்மீது தண்டனை மசோதாவே கொண்டுவரப்பட்டது, ஆனால் அது நிறைவேறவில்லை. அவர் 1791இல் இறந்த பிறகு மாளிகையை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் மிகவும் பெயர்பெற்ற இவரைத்தான் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் நவாப் கடன்கள் பற்றிய நீண்ட உரையில் கிழித்தெறிந்தார். பென்ஃபீல்ட் பிற்காலத்தில் நொடித்துப்போய், 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார். 1801இல் அந்த வீடு சாமுவேல் ஸ்மித் என்ற வங்கிக் குடும்பத்தவருக்குக் கைமாறியது. ஆளுநர், கடன் கொடுத்தவர், வங்கியாளர் என்று முப்பதாண்டுகளுக்குள் மூன்று கை. பக்கத்து ஊரில் முந்நூறு ஆண்டாக அதே நிலத்தில் இருந்த ஒரு குடும்பம் இதை எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களுடைய வெறுப்பில் நியாயமான கோபமும் கலந்திருந்தது, தங்கள் இடம் பறிபோகும் என்ற அச்சமும் கலந்திருந்தது. பறிகொடுத்த ஆர்க்காட்டுச் சீமை விவசாயியைப் பற்றிய கவலை அதில் மிகக் குறைவாகவே இருந்தது.

மேலூர் வடக்குத்தெரு:

கோயில் மரியாதையோடு ஒப்பிடலாமா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். என் ஊரில் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் பூசாரி தாம்பாளத்தில் திருநீறு, மாலை, பரிவட்டம் எடுத்துக்கொண்டு வெளியே வருவார். முதலில் அம்பலகாரர் வீட்டுக்கு, அடுத்து கரை என்னும் பங்காளிப் பிரிவுகளுக்கு முறைப்படி. சிங்கப்பூரில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பிய ஒருவர், கோயில் மண்டபத்துக்கு முழுவதும் கிரானைட் தளம் போட்டுக் கொடுத்தார். வாசற்படியில் அவர் பெயர் "உபயம்" என்று வெட்டப்பட்டிருக்கிறது. திருவிழாவன்று ஒலிபெருக்கியில் அவர் பெயரை மும்முறை சொல்லி நன்றி தெரிவித்தார்கள். ஆனால் தாம்பாளம் பழைய வரிசையில்தான் போனது. அவர் போட்டுக் கொடுத்த தளத்திலேயே, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாம்பாளம் தம்மிடம் வரும்வரை அவர் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மறு ஆண்டு, கோயிலில் பூசை நடக்கும் அதே நேரத்தில் அவர் தம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அன்னதானம் தொடங்கினார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில் ஒன்றாக இருந்த ஊர் அது.

இங்கே மரியாதைக்கு விலை கிடையாது என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. உபயத்தைக் காசு கொடுத்துச் செய்யலாம், வரிசையில் இடத்தை அப்படிப் பெற முடியாது. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன தேவாலய இருக்கைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை என்பது என் கருத்து.

கே.கே.நகர் வழக்கறிஞர்:

மேலூர் நண்பர் சொன்ன காட்சி மிக உண்மையானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இத்தகைய முதல் மரியாதை வழக்குகள் திருவிழாக் காலம்தோறும் வருகின்றன. திருவிழாவில் எவருக்கும் முதல் மரியாதை தரக் கூடாது என்று பலமுறை உத்தரவும் ஆகியிருக்கிறது. ஆனாலும் இந்த ஒப்பீட்டை வகுப்பில் ஓர் எல்லையோடு நிறுத்த வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கிலக் கிராமத்தில் முதல் தலைமுறை வணிகர் அவமதிக்கப்பட்டார். அவர் மகன் நல்ல பள்ளிக்குப் போனான், பேரன் நிலவுடைமைக் குடும்பத்தில் பெண் எடுத்தான், அதன்பின் அந்தக் குடும்பமே அடுத்து வந்தவரை அவமதிக்கத் தொடங்கியது. வழி குறுகலாக இருந்தாலும் திறந்திருந்தது. மேலூர் நண்பரின் சிங்கப்பூர்க்காரரும் அந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் இருந்தார்; காத்திருந்தார். நம் ஊரில் அந்த வரிசையிலேயே சேர்க்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். எத்தனை தலைமுறை படித்தாலும் சம்பாதித்தாலும் அந்தத் தாம்பாளம் அவர்கள் தெருவுக்குப் போவதில்லை. சாதியை வர்க்கம் என்று மாணவர்கள் எழுதிவிட்டுப் போகும்படி நாம் விடக் கூடாது. அங்கேயும் பிறப்பாலும் சமயத்தாலும் அடைக்கப்பட்ட கதவுகள் இருந்தன என்பது உண்மை. கத்தோலிக்கர்கள் 1829 வரையும் யூதர்கள் 1858 வரையும் நாடாளுமன்றத்தில் அமர முடியவில்லை. ஆனால் அவை சட்டத்தால் அடைக்கப்பட்டுச் சட்டத்தாலேயே திறக்கப்பட்டவை.

இரண்டாவதாக, இந்தத் திரியில் செல்வந்தர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய போட்டிக்கான செலவு ஏழைகள் தலையில் விழுந்தது. ஒருவரை ஒருவர் மிஞ்சும் பூங்கா அமைக்க நிலம் வேண்டும். டார்செட்டில் மில்டன் பிரபு தம் மாளிகைக்கு அருகே இருந்த சந்தை ஊர் கண்ணுக்கு அழகாக இல்லை என்று அதையே அப்புறப்படுத்தி, 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறைவான ஒரு பள்ளத்தாக்கில் ஒரே மாதிரிக் கூரை வீடுகளாகக் கட்டி மக்களைக் குடியேற்றினார். மில்டன் அபாஸ் என்ற அந்த ஊரை இன்று அழகு கருதிப் படம் பிடிக்கிறார்கள். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களின் வழியே 68 லட்சம் ஏக்கர் பொது நிலமும் திறந்த வயலும் வேலியிடப்பட்டன. மாடு ஒன்றை மேய்ச்சல் புறம்போக்கில் விட்டுப் பிழைத்தவன், வேலி வந்த பிறகு கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. பல நிலவுடைமையாளர்கள், ஏழைகளைப் பராமரிக்கும் வரி தங்கள் தலையில் ஏறிவிடும் என்று தங்கள் ஊரில் கூலிக்காரர் குடிசைகளைக் கட்டவிடாமல் தடுத்தார்கள், இருந்தவற்றை இடித்தார்கள். அந்தக் கூலிக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து வேலை செய்தார்கள். உங்கள் நாவல்களில் கதவைத் திறப்பவரும் வண்டி ஓட்டுபவரும் இவர்களுடைய பிள்ளைகள். பெரும்பாலும் பெயர் கூட இல்லாமல் வந்து போகிறார்கள்.

உசிலம்பட்டி மருத்துவர்:

நான் இங்கிலாந்தில் க்ளஸ்டர்ஷயரில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேட்டைச் சட்டமும் தனி இருக்கையும் போய்விட்டன. 1894 முதல் ஊராட்சி மன்றம் தேர்தலால் அமைகிறது. இப்போது போட்டி நடக்கும் இடம் கட்டட அனுமதி. பழைமையான வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாகப் பட்டியலில் உள்ளதால் ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் வந்ததும் விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பைக் கட்டுகிறார்கள்; எவரும் ஆட்சேபம் எழுதலாம், அந்தக் கடிதங்களை எவரும் படிக்கலாம். லண்டனில் நிதித் துறையில் சம்பாதித்துப் பழைய பாதிரியார் இல்லத்தை வாங்கியவர் ஒரு கண்ணாடி அறை கட்ட விரும்பினால், நீண்ட நாள் அங்கே வாழும் அண்டை வீட்டார் மிகுந்த மரியாதையான நடையில், ஊரின் தன்மை கெடும் என்று இரண்டு பக்கம் எழுதுவார். பசுமை மாறாத வேலிச் செடி இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்தால் புகார் செய்ய 2003ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

இந்தக் கடிதங்களில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது. "நாங்கள் இங்கே நெடுங்காலமாக வாழ்கிறோம்" என்ற வாசகம் மட்டும் தவறாமல் வரும். வழக்கறிஞர் ஐயா சொன்ன பொருளில் அந்த வாசகம் இன்றும் ஏழைகளையே அதிகம் வருத்துகிறது. உண்மையாகவே தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளால் அந்த ஊரில் வீடு வாங்கவோ வாடகை கொடுக்கவோ முடியவில்லை. என்னிடம் வரும் நோயாளிகளில் அவர்கள் பலர் நகரத்தின் ஓரத்தில் குடியிருக்கிறார்கள்.

திருநகர் ஆசிரியை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வழக்கறிஞர் ஐயா வகுத்த எல்லையை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். உட்ஹால் பார்க் கதையையும் எடுத்துச் சொல்வேன். நாவலை முடிக்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இவ்வளவு அரண் கட்டிக்கொண்டிருந்த பழைய குடும்பங்கள் பிற்காலத்தில் புதுப் பணத்துக்கு எப்படி வழிவிட்டன?

ஏட்டுச்சுவடி:

வருமானம் சரிந்ததுதான் காரணம், அம்மா. 1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கியதால் குத்தகை வருமானம் விழுந்தது. மேலே சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக்கு வழி திறந்தது. 1894இல் வாரிசுச் சொத்துமீது புதிய இறப்பு வரி வந்தது. குடும்பத் தலைவர் அடுத்தடுத்து இருவர் இறந்தால் நிலத்தை விற்காமல் வரி கட்ட முடியவில்லை. கூரை ஒழுகும் மாளிகையைக் காப்பாற்ற அவர்கள் பணத்தைத் தேடிப் போனார்கள். 1895இல் மார்ல்பரோ கோமகன் அமெரிக்க ரயில்வே செல்வந்தர் வீட்டுப் பெண்ணான கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை மணந்தது இவற்றுள் மிகவும் பேசப்பட்டது.

பட்டங்களும் அதே வழியில் போயின. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது நைட் பட்டத்துக்கு 10,000 பவுண்டு என்ற அளவில் பேரம் நடந்ததால் எழுந்த கூச்சலில், பட்டத்துக்குப் பணம் வாங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1925இல் நிறைவேறியது. அந்தப் பேரங்களின் தரகராக இருந்த மாண்டி கிரகரி 1933இல் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார். கொடுத்து வாங்கியவர்களின் பட்டங்கள் அவர்களிடமே இருந்தன.